ஓர் உவமையின் சரித்திரம்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு உவமை என்பது சட்டைப்பைச் சில்லறை மாதிரி. எடுத்து வீசிக்கொண்டே போவான். எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்க மாட்டான். முகத்துக்கு ஒரு நிலா, நடைக்கு ஓர் அன்னம், கோபத்துக்கு ஓர் எரிமலை. மை உலர்வதற்குள் எழுதினவனுக்கே மறந்து போகும். படித்தவர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம்!

ஆனால் உலகத்தில் ஓர் உவமை நூறு வருஷத்துக்கு மேல் ஓயாமல் உழைத்திருக்கிறது. அதற்காகப் பரிசோதனை சாலைகளில் மனிதர்கள் இரவு பகலாகக் கண் விழித்திருக்கிறார்கள். சிலர் அது சரி என்று நிரூபிக்கப் பாடுபட்டார்கள். சிலர் அது போதாது என்று திருத்தினார்கள். அந்த உவமையைச் சொன்னவர் கவிஞர் இல்லை, ஒரு ரசாயனப் பேராசிரியர். அவர் அதைச் சொன்னது காதலைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ அல்ல, சர்க்கரையைப் பற்றி!

சர்க்கரை என்றால் கடையில் நிறுத்துக் கொடுக்கும் வெள்ளைச் சீனி ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கரைகள் ஒரு பெரிய குடும்பம். கரும்பில் ஒன்று, பாலில் ஒன்று, முளை கட்டிய தானியத்தில் ஒன்று, பழத்திலும் தேனிலும் இரண்டு. அந்தக் குடும்பத்துக்கு மேல்நாட்டு சாஸ்திரிகள் வைத்திருக்கும் பொதுப் பெயரான 'சாக்கரைடு' என்பதைச் சற்று உற்றுப் பாருங்கள். நம்முடைய 'சர்க்கரை' பிறந்த அதே வடமொழிச் சொல், கிரேக்கர் வாயிலும் லத்தீன் ஏட்டிலும் புகுந்து, வேஷம் மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. பெயர் இங்கிருந்து போயிற்று. ஆனால் நான் சொல்லப்போகும் சண்டை நடந்த இடம் பிரான்ஸும் ஜெர்மனியும்.

சண்டைக்குக் காரணமான கேள்வி மிக எளியது. அதை நம் ஊர்ப் பனையேறியும் கேட்டிருக்கலாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைத்தால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அதே மரத்தின் அதே பாளையிலிருந்து இறங்குவது கள். இனிப்பாக இருந்தது போதையாக மாறுகிறதே, அதை மாற்றுகிறவர் யார்? சர்க்கரை தானாகவே கெட்டுப் போகிறதா, அல்லது யாராவது கெடுக்கிறார்களா?

பிரெஞ்சு சாஸ்திரி லவாய்சியே 1789-இல் வெளியிட்ட தம் நூலில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். புளிக்கும்போது சர்க்கரை மாயமாய் மறைவதில்லை. ஒரு பாகம் சாராயமாகிறது, ஒரு பாகம் கரியமில வாயுவாகப் பொங்கி வெளியேறுகிறது. வரவும் செலவும் நேராகிவிடுகின்றன என்றார். கணக்கு எழுதினவரின் தலையைப் பிரெஞ்சுப் புரட்சி 1794-இல் வாங்கிவிட்டது. ஆனால் கணக்குப் பிழைத்தது. காரியம் என்ன என்று தெரிந்துவிட்டது. கர்த்தா யார் என்பதுதான் பாக்கி.

1830-களில் பூதக்கண்ணாடியில் பார்த்த சிலர், மதுவின் அடியில் தங்கும் ஈஸ்ட் என்ற வண்டல் வெறும் அழுக்கு அல்ல, மொட்டு விட்டுப் பெருகும் உயிர் என்று சொன்னார்கள். உடனே எழுந்தது பரிகாசம். அந்தக் காலத்தில் ஜெர்மன் ரசாயனத்தின் சக்கரவர்த்திகளாக இருந்த லீபிக், வோலர் இருவரும் தங்கள் பத்திரிகையிலேயே 1839-இல் பெயர் போடாமல் ஒரு கேலிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஈஸ்ட் என்பது சாராயம் காய்ச்சும் வாலையைப் போல உருவம் கொண்ட குட்டிப் பிராணியாம், சர்க்கரையைத் தின்னுமாம், பின்பக்கத்தால் சாராயத்தையும் மூத்திர வழியால் கரியமில வாயுவையும் விடுமாம்! இவ்வளவு பெரிய மனிதர்கள் இப்படியுமா எழுதுவார்கள் என்று நமக்குத் தோன்றும். எழுத்தாளர் சண்டைகளைப் பார்த்துப் பழகின எனக்கு அவ்வளவு ஆச்சரியம் ஏற்படவில்லை.

கேலிக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வந்தார். அவர்தாம் லூயி பாஸ்டர். 1856-இல் லீல் நகரத்தில் பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைக்காரர் ஒருவர், தொட்டிகளில் சரக்குப் புளித்துக் கெட்டுப் போகிறது என்று அவரிடம் வந்து முறையிட்டார். பாஸ்டர் தொட்டிகளைச் சோதித்தார். பிறகு வருஷக் கணக்கில் உழைத்து ஒரு முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு புளிப்புக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர் உண்டு. ஈஸ்ட் உயிரோடு இருந்தால்தான் சர்க்கரை சாராயமாகும். இது வாழ்வின் காரியமே தவிர அழுகலின் காரியம் அல்ல என்றார். லீபிக் ஒப்புக்கொள்ளவில்லை. உயிர் எதற்கு, அங்கே நடப்பது வெறும் ரசாயன மாறுதல்தான் என்று 1873-இல் கண் மூடும் வரையில் சாதித்தார்.

இது ஏதோ சாராயத் தொட்டி விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. உயிருக்குள்ளே உயிருக்கென்று தனியாக ஒரு சக்தி இருக்கிறதா, அல்லது கல்லுக்கும் தண்ணீருக்கும் உள்ள சட்டம்தான் நம் உடம்புக்குமா என்பதே அடியில் கிடந்த கேள்வி. பாஸ்டர் ஜயித்தால் உயிர் தனி ராஜ்யம். லீபிக் ஜயித்தால் உடம்பு ஓர் அற்புதமான தொழிற்சாலை. சமாதானத்துக்கு வழியே இல்லாதது போல இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு தொந்தரவான விஷயமும் தெரிய வந்தது. முளை கட்டிய பார்லியை ஊற வைத்த நீரிலிருந்து ஒரு வெள்ளைத் தூளைப் பிரித்தெடுத்தார்கள் பாயன், பெர்சோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள்; அது நடந்தது 1833-இல். உயிரற்ற அந்தத் தூள், மாவை இனிப்பாக்கியது. 1860-இல் பெர்த்தலோ என்பவர் ஈஸ்ட்டிலிருந்தே ஒரு பொருளைப் பிரித்தார். அது கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோஸ் என்றும் பிரக்டோஸ் என்றும் இரண்டாக வெட்டியது. வாதுமைப் பருப்பில் 'எமல்சின்' என்று ஒன்று கிடைத்தது. 1877-இல் கூனே என்ற ஜெர்மானியர் இத்தகைய பொருள்களுக்கு 'என்ஸைம்' என்று பெயர் வைத்தார். ஈஸ்ட்டுக்குள் இருப்பது என்று பொருள். தமிழில் நொதி என்கிறோம். ஆக, சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய உயிர் தேவையில்லை என்று தெரிந்தது. ஆனால் பெரிய வேலை, அதாவது சர்க்கரையைச் சாராயமாக்குவது, உயிரில்லாமல் யாராலும் முடியவில்லை.

இந்த இடத்தில் நம் கதாநாயகர் பிரவேசிக்கிறார்.

எமில் பிஷர் 1852-இல் ஜெர்மனியில் ரைன் பிரதேசத்து ஊர் ஒன்றில் பிறந்தார். தகப்பனார் வியாபாரி. மகனை மர வியாபாரத்தில் பழக்கிப் பார்த்தார், அது படியவில்லை. பையன் வியாபாரத்துக்கு லாயக்கில்லாத மண்டு, படிக்கத்தான் போக வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்ததாகச் சொல்வார்கள். இந்தத் தீர்ப்புக்காக ரசாயன சாஸ்திரம் அந்தத் தகப்பனாருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

பிஷர் சர்க்கரைகளில் கைவைத்தபோது அது ரசாயனிகளின் நரகமாக இருந்தது. காரணம், சர்க்கரைகள் சுலபத்தில் படிகமாக உறைவதில்லை. பாகாகவே நின்று கையில் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பாகில் எந்தச் சர்க்கரை என்று அடையாளம் தெரியாது. பிஷர் தம் இளமையில், 1875-இல், ஃபீனைல் ஹைட்ரஸீன் என்ற ஒரு பொருளைக் கண்டுபிடித்திருந்தார். அதைச் சர்க்கரையோடு சேர்த்தால் அழகான மஞ்சள் படிகங்கள் விழுந்தன. முகமூடி போட்டுத் திரிந்த சர்க்கரைகள் ஒவ்வொன்றாக அகப்பட்டுக்கொண்டன.

குளுக்கோஸில் கரி அணு ஆறு, ஹைட்ரஜன் பன்னிரண்டு, ஆக்ஸிஜன் ஆறு. இதே கணக்கில் பல சர்க்கரைகள் இருக்கின்றன. பிறகு வித்தியாசம் எங்கே? நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குடை. வலக்கையிலும் பிடிக்கலாம், இடக்கையிலும் பிடிக்கலாம். எத்தனை விதமாக நிற்க முடியும்? பதினாறு விதமாக. குளுக்கோஸின் குடும்பத்தில் இப்படிப் பதினாறு உருவங்கள் இருக்க வேண்டும். ஒரு சர்க்கரையை இன்னொன்றாக மாற்றி, மாற்றியதைத் திருப்பி, ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று அளந்து, 1891-இல் பிஷர் குளுக்கோஸ் எந்தக் குடையை எந்தக் கையில் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அணுவை யாரும் கண்ணால் பார்த்திராத காலம் அது! துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இந்த ஆராய்ச்சியை ஒரு தரம் படித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இயற்கை செய்யாத சர்க்கரைகளையும் பிஷர் கண்ணாடிக் குடுவையில் செய்தார். குளுக்கோஸின் கண்ணாடி பிம்பத்தையும் செய்தார். வலக்கால் செருப்புக்கு இடக்கால் செருப்பு எப்படியோ, அப்படி. இரண்டும் சேர்ந்த கலவைகளை ஈஸ்ட்டுக்குக் கொடுத்துப் பார்த்தால் ஓர் அதிசயம் நடந்தது. ஈஸ்ட் ஒரு பாதியைத் தின்றுவிட்டு மறுபாதியைத் தொடாமலே விட்டுவிட்டது. கண்ணில்லாத, மூளையில்லாத அந்தத் துளி உயிர் வலக்காலையும் இடக்காலையும் பிரித்தறிந்தது.

உயிருள்ள ஈஸ்ட்தான் பிரித்தறிகிறதா, அல்லது அதிலுள்ள நொதியா? பிஷர் அடுத்த அடியை வைத்தார். குளுக்கோஸோடு மரச் சாராயத்தைச் சேர்த்து ஒரு வால் ஒட்டினார். வால் ஒரு பக்கம் நீண்டால் ஒரு பொருள், மறு பக்கம் நீண்டால் இன்னொரு பொருள். மற்றபடி இரண்டும் ஒன்றே. ஈஸ்ட்டின் சாற்றிலிருந்த நொதி முதல் வாலை வெட்டியது; இரண்டாவதைத் தொடவில்லை. வாதுமைப் பருப்பின் எமல்சின் இரண்டாவதை வெட்டியது, முதலாவதைத் தொடவில்லை. உயிரற்ற சாறுகளுக்கே இவ்வளவு நுட்பம்!

இதை 1894-இல் எழுதும்போதுதான் பிஷர் அந்த உவமையைச் சொன்னார். ஒரு படம் காட்டிச் சொல்வதானால் என்று சற்றுத் தயக்கத்தோடு ஆரம்பித்து, நொதியும் சர்க்கரையும் பூட்டும் சாவியும் போல ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் காரியம் நடக்கும் என்றார். அவ்வளவுதான், ஒரே வாக்கியம்.

இந்த வாக்கியத்தின் கனம் தெரிய வேண்டுமானால் நம் வயல்வெளிக்கு வாருங்கள். கதிரடித்து முடிந்தபின் ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் வைக்கோல். அரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவு. வைக்கோலின் உடம்பில் பெரும்பகுதி செல்லுலோஸ் என்ற நார். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் குளுக்கோஸ் கண்ணிகள்தாம் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. கண்ணிகளை இணைக்கும் வளையம் மட்டும் அரிசியில் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, நாரில் மறு பக்கம். பிஷர் ஒட்டிய அந்த இரண்டு வால்களின் வித்தியாசம்தான் இது. நம் எச்சிலில் உள்ள நொதி அரிசியின் வளையத்தை வெட்டும். வெறுஞ்சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அதனால்தான். நாரின் வளையத்தை வெட்டும் சாவி நம்மிடம் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் இரவல் வாங்கிக்கொள்கிறது. பஞ்ச காலங்களில் வைக்கோற்போருக்குப் பக்கத்திலேயே மனிதன் பட்டினியால் செத்தான் என்றால், மலைபோலக் குவிந்து கிடந்த சர்க்கரைக்கு நடுவே, பூட்டைத் திறக்கச் சாவி இல்லாமல் செத்தான் என்று அர்த்தம்.

பெரிய கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது. பாஸ்டரா, லீபிக்கா? பாஸ்டர் 1895-இல் காலமானார். தீர்ப்பு அவர் போய் இரண்டே ஆண்டுகளில் வந்தது. அதுவும் தற்செயலாக.

எட்வர்ட் பூக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்ட் அணுக்களை உடைத்துச் சாறு எடுக்க 1893-இலேயே முயன்றார். இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மேலிடத்தில் அபிப்பிராயப்பட்டார்கள், வேலை நின்றது. மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி தொடங்கினார். ஈஸ்ட்டை மணலோடும், கீசல்கூர் என்ற நுண்மண்ணோடும் சேர்த்து அரைத்து, துணியில் கட்டி, அழுத்த யந்திரத்தில் பிழிந்தார். சாறு வந்தது. அவருடைய தமையனார் நோய்க்கிருமி ஆராய்ச்சியாளர். வைத்திய ஆராய்ச்சிக்கு அந்தச் சாறு தேவைப்பட்டது. ஆனால் சாறு சீக்கிரம் கெட்டது. ஊறுகாய்க்கு உப்பு, பழத்துக்குச் சர்க்கரைப்பாகு என்பது உலக வழக்கமல்லவா? கெடாமல் இருக்கட்டும் என்று சர்க்கரையைக் கொட்டி வைத்தார்கள். சிறிது நேரத்தில் சாறு குமிழி விட ஆரம்பித்தது! அந்தச் சாற்றில் ஒரு முழு ஈஸ்ட் அணுகூட உயிரோடு தேவைப்படவில்லை. சர்க்கரை சாராயமாகிக்கொண்டிருந்தது.

1897-இல் பூக்னர் இதை வெளியிட்டார். லீபிக் ஜயித்தாரா? ரசாயனம் என்று அவர் சொன்னது சரி. ஈஸ்ட் உயிர் அல்ல என்று சிரித்தது தப்பு. பாஸ்டர் தோற்றாரா? ஈஸ்ட் உயிர்தான், நொதிகளை உண்டாக்குவதும் அதுதான். ஆனால் உண்டாக்கின பிறகு அது இல்லாமலும் வேலை நடக்கும். இரண்டு பெரியவர்களும் ஆளுக்குப் பாதி உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றவர் கையில் இருப்பது பொய் என்று ஆயுள் முழுவதும் வாதாடியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் குடும்பங்களில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்குகள்தாம் ஞாபகம் வந்தன.

பிறகு உவமையின் வாழ்க்கை வளர்ந்தது. 1913-இல் பெர்லினில், ஒரு நகராட்சி ஆஸ்பத்திரியின் சிறிய பரிசோதனை அறையில், மிக்கேலிஸ் என்பவரும் கனடாவிலிருந்து வந்த மாட் மென்டன் என்ற பெண்மணியும் கரும்புச் சர்க்கரையை வெட்டும் நொதியின் வேகத்தை அளந்தார்கள். சர்க்கரையைக் கூட்டினால் வேகம் கூடும். ஓர் அளவுக்கு மேல் கூடாது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் மூன்றுதான் என்றால் க்யூ தெருக்கோடி வரை நீண்டாலும் டிக்கெட் வேகமாக வருமா? பூட்டுகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். அவர்கள் எழுதிய சூத்திரத்தை இன்றைக்கும் கல்லூரி மாணவர்கள் படிக்கிறார்கள். டாக்டர் பட்டமும் பல பாஷை ஞானமும் சித்திரம் எழுதும் கையும் உடைய மென்டனுக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1948-இல், எழுபது வயதை நெருங்கியபோது!

1958-இல் டேனியல் கோஷ்லாண்ட் என்ற அமெரிக்கர் உவமையிலேயே குற்றம் கண்டார். பெரிய சாவி சிறிய துவாரத்தில் நுழையாது, சரி. ஆனால் குளுக்கோஸ் நுழையும் இடத்தில் அதைவிடச் சிறிய தண்ணீர் தாராளமாக நுழையுமே; நொதி ஏன் அதன்மேல் வேலை செய்வதில்லை? பூட்டு இரும்பாக இருக்க முடியாது, சாவி வந்து பொருந்தும்போது பூட்டே சற்று உருவம் மாறி அதைத் தழுவிக்கொள்ள வேண்டும் என்றார். கை நுழைந்த பிறகுதானே கையுறைக்குக் கையின் வடிவம் வருகிறது! 1978-இல் ஈஸ்ட்டின் ஒரு நொதியை ஊடுகதிரால் ஆராய்ந்தபோது, குளுக்கோஸ் வந்து அமர்ந்ததும் அதன் இரு பகுதிகள் வாய் மூடுவதுபோல் மூடிக்கொள்வது தெரிந்தது.

பூட்டின் உருவத்தையே முதன்முதல் கண்டது 1965-இல், லண்டனில். டேவிட் பிலிப்ஸ் என்பவரும் அவருடைய கோஷ்டியும் முட்டையின் வெண்கருவிலுள்ள லைசோசைம் என்ற நொதியின் வடிவத்தை வரைந்தார்கள். நம் கண்ணீரிலும் அதன் இனம் உண்டு. கிருமிகளின் மேலோட்டிலுள்ள சர்க்கரைச் சங்கிலியை வெட்டும். அதன் உடம்பில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் சர்க்கரை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பிஷர் எழுதி எழுபத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் அதைப் பார்க்க இல்லை. சர்க்கரைகளின் முகமூடியைக் கழற்றிக் கொடுத்த அந்த மஞ்சள் படிகங்களின் தாய்ப்பொருள் ஒரு விஷம். வருஷக் கணக்கில் அதன் ஆவியைச் சுவாசித்த பிஷருக்குக் கையில் தோல் நோயும் வயிற்றில் உபாதையும் தங்கிவிட்டன. 1902-இல் நோபல் பரிசு வந்தது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே மனைவி போய்விட்டார். மூன்று மகன்களில் இருவரை முதல் உலக யுத்தம் நடந்த ஆண்டுகளில் இழந்தார். 1919-இல் அவரும் போனார். மூத்த மகன் ஹெர்மன் மட்டும் இருந்து, தகப்பனாரைப் போலவே சர்க்கரைகளை ஆராய்ந்தார். 1907-இல் நோபல் பரிசு பெற்ற பூக்னர், ஐம்பத்தேழாவது வயதில் ராணுவ உடுப்போடு ருமேனியப் போர்முனைக்குப் போய், 1917 ஆகஸ்டில் குண்டுச் சிதறல் பட்டு மாண்டார். உயிரின் காரியம் உயிர் இல்லாமலும் நடக்கும் என்று காட்டினவரின் உயிரை வைத்துக்கொள்ள ஐரோப்பாவுக்குத் தெரியவில்லை.

என் நண்பர் ஒருவர், கணக்கு வாத்தியார், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி ஐயா, இதனால் நமக்கு என்ன லாபம்?" என்றார். அவருக்கு நீரிழிவு உண்டு. தினம் காலையில் விரல் நுனியைக் குத்தி ஒரு சிறு பட்டையில் ஒரு துளி ரத்தத்தை வைத்துப் பார்க்கிறவர். அந்தப் பட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். ரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் இருக்கின்றன. அவ்வளவு கூட்டத்தில் குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடித்து எண்ண வேண்டும். அதற்கு இத்தகைய பல பட்டைகளில் ஒரு பூஞ்சையின் நொதியைத் தடவி வைத்திருக்கிறார்கள். அது குளுக்கோஸின் இரண்டு உருவங்களில்கூட ஒன்றைத்தான் தொடும். நொதியைக் கொண்டு குளுக்கோஸை மின்சாரத்தால் அளக்கும் யோசனையை 1962-இல் கிளார்க், லயன்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் வீட்டுக்கு வீடு இருக்கும் இந்தக் கருவி.

வாத்தியார் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூட்டு இதில்தான் இருக்கிறதா?" என்றார். "இதில்தான்" என்றேன். "அப்படியானால் சாவி என் ரத்தத்தில் இருக்கிறது. அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்றுதான் டாக்டர் சொல்கிறார்" என்று சிரித்துவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.